பிளவுண்ட கொரியரும் இந்தியரின் பங்கும்: 1945 முதல் இன்று வரை

பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வழியே பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பாலும் நீளும் தொழிற்பகுதி, கடந்த கால் நூற்றாண்டில் கொரிய முதலீட்டின் தமிழ்நாட்டு முகவரியாக நிலைபெற்றுள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் நிறுவனப் பேருந்துகளில் அங்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோருக்கு ‘கொரியா’ என்பது கார்களையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் செய்யும் ஒரு முழு நாட்டின் பெயர். ஆனால் அவர்கள் அறிந்த கொரியா, 1945இல் இரண்டாக வெட்டப்பட்ட ஒரு மக்களினத்தின் தென்பாதி மட்டுமே. அந்த வெட்டு எவ்வாறு நிகழ்ந்தது, எவ்வாறு நிலைபெற்றது என்பது குறித்துத் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அதன் முக்கியமான இரு கட்டங்களில் இந்தியர்கள், அவர்களிலும் சென்னை மாகாணத்தில் பிறந்தோ படித்தோ வளர்ந்தவர்கள், தலைமைப் பொறுப்பில் இருந்தனர் என்பது அதைவிடக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. 1948இல் பிரிவினைக்குச் சட்ட வடிவம் தந்த தீர்மானத்தில் இந்தியாவின் கையும் பட்டிருந்தது. 1953–54இல் இரு கொரியாக்களையும் ஏற்க மறுத்த மனிதர்களை ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். இவ்விரு நிகழ்வுகளையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதே இந்தியாவின் பங்கு சரியாக விளங்கும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஒரே அரசு, ஒரே மொழி

கொரியத் தீபகற்பத்தில் கோகுர்யோ, பெக்சே, சில்லா என்னும் மூன்று அரசுகள் போட்டியிட்ட காலத்துக்குப் பின், ஏழாம் நூற்றாண்டில் சில்லா தீபகற்பத்தின் பெரும்பகுதியை ஒன்றாக்கியது. 918இல் நிறுவப்பட்ட கொர்யோ அரசு 936இல் மீண்டும் அந்த ஒருமையை நிலைநாட்டியது. கொரியா என்று உலகம் இன்று அழைக்கும் பெயர் அந்த அரசின் பெயரிலிருந்தே வந்தது. 1392இல் ஆட்சிக்கு வந்த சோசன் அரச மரபு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அம்மரபின் நான்காம் மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் என்னும் ஒலியெழுத்து முறையே வடக்கிலும் தெற்கிலும் இன்றுவரை வழங்குகிறது. ஆகவே, 936 முதல் 1945 வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்த நிலம் ஒரே ஆட்சிப்பரப்பாக, ஒரே மொழி பேசும் மக்களின் இருப்பிடமாக இருந்தது. 1947இல் பிரிக்கப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்தில் மதம் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கொரியாவிலோ, 38ஆம் அட்சக்கோட்டின் இருபுறமும் வாழ்ந்தோரிடையே மதத்தாலோ மொழியாலோ குலத்தாலோ பிரிவினைக்குக் காரணமாகச் சுட்டத்தக்க வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

கொரியருக்கும் தமிழருக்கும் தொன்மையான உறவு உண்டு என்ற கருத்து தமிழ்ச் சூழலில் அடிக்கடி எழுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ என்னும் நூல், ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக், கயா நாட்டு மன்னர் சூரோவை கி.பி. 48இல் மணந்ததாகக் கூறுகிறது. அந்த ஆயுதாவை அயோத்தி என்று சிலரும் தென்தமிழகம் என்று சிலரும் அடையாளம் காட்டுகின்றனர். அமெரிக்க மறைப்பணியாளரும் கல்வியாளருமான ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1,200 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ஒரு புராணக் குறிப்பையும், பின்வந்த மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்காத ஓர் ஒப்பீட்டையும் கொண்டு உறவு நாட்டுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. கொரிய வரலாற்றில் இந்தியருக்கு உறுதியான சான்றுகளுடன் ஓர் இடம் உண்டு. அது 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அது மகிழ்ச்சியூட்டும் இடமும் அன்று.

1905இல் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடாக, அதாவது வெளியுறவு உரிமையற்ற ஆட்சிப்பகுதியாக, ஆக்கியது. 1910 ஆகஸ்டில் முழுமையாக இணைத்துக்கொண்டது. 1919 மார்ச் 1இல் தொடங்கிய விடுதலை எழுச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதன் தலைவர்களிற் சிலர் ஷாங்காயில் தற்காலிக அரசொன்றை அமைத்தனர். 1940இல் கொரியர் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டனர். இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வறுமையாலும் வற்புறுத்தலாலும் கட்டாய உழைப்பாலும் கொரியர் மஞ்சூரியாவுக்கும் சோவியத் தூரக்கிழக்குக்கும் ஜப்பானுக்கும் சிதறினர். சோவியத் பகுதியில் குடியேறிய ஏறத்தாழ 1,70,000 பேரை 1937இல் ஸ்டாலின் அரசு தொடர்வண்டிகளில் ஏற்றிக் கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நாடுகடத்தியது. போர் முடிந்தபோது ஜப்பானில் மட்டும் சுமார் இருபது இலட்சம் கொரியர் இருந்தனர். பின்னர் தாயகம் இரண்டானபோது, ஜப்பானில் தங்கிவிட்டவர்களும் தெற்கைச் சார்ந்த அமைப்பு, வடக்கைச் சார்ந்த அமைப்பு என இரண்டாயினர். 1959 முதல் 1984 வரை நீகாதா துறைமுகத்திலிருந்து சுமார் 93,000 பேர் வடகொரியாவுக்குக் கப்பலேறினர். அவர்களிற் பெரும்பாலோரின் பூர்வீகம் தென்கொரியாவில் இருந்தது என்பது கவனத்துக்குரியது. தாங்கள் ஒருபோதும் கண்டிராத வடக்கை அவர்கள் தாயகமாகத் தேர்ந்தனர். பிரிவினை நிலத்தோடு நிற்காமல், கடல் கடந்து வாழ்ந்தோரின் குடும்பங்களையும் ஊடுருவிச் சென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அரைமணி நேரத்தில் போடப்பட்ட கோடு

1943 இறுதியில் வெளியான கெய்ரோ அறிக்கையில் அமெரிக்கா, பிரிட்டன், சீனா ஆகிய மூன்றும் கொரியாவுக்கு ‘உரிய காலத்தில்’ விடுதலை அளிப்பதாக அறிவித்தன. அந்தக் காலம் எது என்று யாரும் வரையறுக்கவில்லை. 1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் கொரியாவுக்குள் இறங்கத் தொடங்கியபோது, ஜப்பானியரின் சரணடைவை யார் எங்கே ஏற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு வாஷிங்டனில் ஆகஸ்டு 10 நள்ளிரவையொட்டி டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு கர்னல்களிடம் தரப்பட்டது. அவர்கள் நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனம் வெளியிட்ட ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, சுமார் அரைமணி நேரத்தில் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தனர். தலைநகர் சியோல் அமெரிக்கப் பகுதிக்குள் அமைய வேண்டும் என்பதே அவர்களின் முதன்மைக் கவலை. சோவியத் அரசு மறுப்பின்றி அதை ஏற்றது. மலைகளையும் ஆறுகளையும் சிற்றூர்களையும் குறுக்காக அறுத்துச் செல்லும் அக்கோட்டைப் பற்றி எந்தக் கொரியரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த ராட்கிளிஃபுக்கு ஐந்து வாரங்களாவது கிடைத்தன. எதிரெதிர்த் தரப்புகளின் வாதங்களையும் அவரது ஆணையம் கேட்டது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட 38ஆம் கோடு, 1945 டிசம்பரில் மாஸ்கோ மாநாடு முன்வைத்த ஐந்தாண்டு வரையிலான அறங்காவலர் ஆட்சித் திட்டமும் அதை நிறைவேற்ற அமைந்த அமெரிக்க–சோவியத் கூட்டு ஆணையமும் தோல்வியுற்றபின், மெல்ல எல்லையாக இறுகியது.

1947 செப்டம்பரில் அமெரிக்கா இச்சிக்கலை ஐ.நா.விடம் கொண்டு சென்றது. நவம்பர் 14இல் பொதுச்சபை, கொரியா முழுவதிலும் தேர்தல் நடத்திக் கண்காணிக்க ஒரு தற்காலிக ஆணையத்தை அமைத்தது. அதில் உறுப்பினராக நியமிக்கப்பட்ட உக்ரேன் பங்கேற்க மறுத்தது. எஞ்சிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1948 ஜனவரியில் சியோலில் கூடிய ஆணையத்துக்குத் தலைவரானவர் கே.பி.எஸ். மேனன். கோட்டயத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்ற ஐ.சி.எஸ். அதிகாரி அவர். வடக்கில் நுழைய ஆணையத்துக்குச் சோவியத் தளபதி அனுமதி மறுத்ததும், இரண்டு வழிகள் மட்டுமே எஞ்சின: தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தி அதைக் கொரிய அரசு என்று அறிவிப்பது, அல்லது பணியை நிறைவேற்ற இயலவில்லை என்று ஐ.நா.விடம் ஒப்படைத்துத் திரும்புவது.

முதல் வழி பிரிவினையை நிலைப்படுத்தும் என்பதைக் கொரியத் தலைவர்களிலேயே பலர் அறிந்திருந்தனர். ஷாங்காய் தற்காலிக அரசின் தலைவராக இருந்த கிம் கூ, தனித்தேர்தலை வெளிப்படையாக எதிர்த்து, 1948 ஏப்ரலில் கோட்டைக் கடந்து பியோங்யாங்குக்கே சென்று பேச்சு நடத்தினார். அது பலனளிக்கவில்லை, 1949 ஜூனில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆணைய உறுப்பினர்களிலும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் தனித்தேர்தலை எதிர்த்தன. மேனனுக்கும் தொடக்கத்தில் ஐயங்கள் இருந்தன. கொரியாவின் ஒருமை குறித்து அவர் உணர்வோடு பேசியவர். ஆயினும் 1948 பிப்ரவரி 26இல் ஐ.நா.வின் இடைக்காலக் குழு, ஆணையத்தால் அணுக முடிந்த பகுதிகளில் மட்டும் தேர்தல் நடத்தலாம் என்று முடிவு செய்தபோது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிராக வாக்களிக்க, இந்தியா ஆதரித்தே வாக்களித்தது.

இந்த மாற்றத்துக்கு மேனனின் தன்வரலாறு ஒரு விளக்கம் தருகிறது: தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீக்கு நெருக்கமான கவிஞர் மோ யூன்-சுக்கிடம் தாம் கொண்ட நட்பின் தாக்கத்தை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். கொரியாவில் இச்செய்தி ஒரு காதற்கதையாகவே பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு தனிமனிதரின் மனச்சாய்வை மட்டும் காரணமாகக் கொள்வது, புதுதில்லி அவரைத் தடுக்கவில்லை என்பதையும், அமெரிக்காவின் பெரும்பான்மைக்கு எதிராக ஒரு சிறிய ஆணையம் நின்றிருக்க முடியுமா என்ற கேள்வியையும் மறைத்துவிடும். எவ்வாறாயினும் முடிவு முடிவுதான். மே 10இல் தெற்கில் தேர்தல் நடந்தது. தேர்தலை எதிர்த்து ஏப்ரல் 3இல் கிளர்ச்சி எழுந்த ஜேஜு தீவில் இரு தொகுதிகளின் வாக்குப்பதிவு செல்லாததாகி, 200 இடங்களில் 198 மட்டுமே நிரம்பின. அத்தீவில் அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் படைகளின் ஒடுக்குமுறையில் இறந்தோர் 25,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஆகஸ்டு 15இல் கொரியக் குடியரசும், செப்டம்பர் 9இல் வடக்கில் கொரிய சனநாயக மக்கள் குடியரசும் அறிவிக்கப்பட்டன. இரண்டுமே முழுத் தீபகற்பத்துக்கும் தாமே உரிய அரசு என்றன. அந்த உரிமைக்கோரலிலேயே போர் கருக்கொண்டிருந்தது.

போரும் நடுநிலையும்

1950 ஜூன் 25இல் வடகொரியப் படைகள் 38ஆம் கோட்டைக் கடந்தன. அம்மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகித்தவர் இந்தியாவின் பி.என். ராவ். ஆக்கிரமிப்பைக் கண்டித்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஆனால் போருக்குப் படையனுப்ப மறுத்து, மருத்துவப் பிரிவொன்றை மட்டும் அனுப்பியது. 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்ற அந்த அணி, லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜின் தலைமையில் 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சென்னை மாகாணத்தில் பிறந்த ரங்கராஜ், 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். அணி பியோங்யாங்கை அடைந்த சில நாட்களிலேயே, சீனப் படைகளின் நுழைவால் ஐ.நா. படைகள் பின்வாங்கின, மருந்துகளையும் கருவிகளையும் விட்டுச் செல்லுமாறு ஆணை வந்தபோது, ரங்கராஜின் ஆட்கள் கைவிடப்பட்டிருந்த நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளிவாளியாக நீர் நிரப்பி, அதைத் தாங்களே ஓட்டி எல்லாவற்றையும் தெற்கே கொண்டுவந்தனர். 1951 மார்ச் 23இல் முன்சான்-னி பகுதியில் அமெரிக்கப் படையினருடன் இந்திய மருத்துவர்களும் துணைப்பணியாளரும் வானிலிருந்து குதித்தனர். படைவீரர்களுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் சிகிச்சையளித்ததே அப்பிரிவை இன்றும் தென்கொரியர் நன்றியோடு நினைப்பதற்குக் காரணம். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

அரசியல் தளத்தில் இந்தியாவின் சொல் எடுபடவில்லை. 1950 அக்டோபர் தொடக்கத்தில், அமெரிக்கப் படைகள் 38ஆம் கோட்டைக் கடந்தால் சீனா போரில் இறங்கும் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் பீக்கிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்துச் சொன்ன எச்சரிக்கையை வாஷிங்டன் பொருட்படுத்தவில்லை. அம்மாதமே சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடந்தன. அதன்பின் போர் முன்னும் பின்னும் அலைந்து, தொடங்கிய கோட்டுக்கு அருகிலேயே தேங்கி நின்றது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1951 ஜூலையில் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு, எல்லை குறித்து விரைவில் உடன்பட்டபோதிலும், கைதிகள் குறித்து ஓராண்டுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. போர் முடிந்ததும் கைதிகளை உடனே விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தின் 118ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் எது தாயகம் என்பதே இங்கு விவாதப்பொருள். வடக்கின் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட தெற்கத்தியரும், முன்பு சியாங் கை-ஷேக்கின் படையில் இருந்த சீனரும் ஐ.நா. முகாம்களில் இருந்தனர். 1952 ஏப்ரலில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் திரும்பிச் செல்ல விரும்பியோர் ஏறத்தாழ 70,000 பேர் மட்டுமே என்று தெரிந்தபோது, சீனாவும் வடகொரியாவும் அதை ஏற்க மறுத்தன. இந்த முடிச்சை அவிழ்த்தது 1952 டிசம்பர் 3இல் ஐ.நா. பொதுச்சபை 54 வாக்குகளால் நிறைவேற்றிய இந்தியத் தீர்மானம். அதை வடித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி.கே. கிருஷ்ண மேனன். எந்தக் கைதியையும் வலுக்கட்டாயமாக அனுப்பவோ தடுக்கவோ கூடாது, நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். சோவியத் யூனியன் அதைக் கடுமையாகச் சாடியது. ஆயினும் ஸ்டாலினின் மறைவுக்குப் பின் 1953 ஜூன் 8இல் கையெழுத்தான கைதிகள் உடன்பாடு பெரிதும் அதன் வழியிலேயே அமைந்தது. ஜூலை 27இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

திரும்பிச் செல்ல மறுத்தோரைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகள் ஆணையத்தில் இந்தியா, சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து நாடுகள் இருந்தன; தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கே.எஸ். திம்மையா. கைதிகளைக் காக்கும் பணி மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோராட்டின் கீழிருந்த இந்தியக் காவற்படைக்குத் தரப்பட்டது. தன் மண்ணில் இந்தியப் படை காலடி வைக்கக் கூடாது என்று சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், இஞ்சியோன் துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து இந்திய வீரர்கள் அமெரிக்க ஹெலிகாப்டர்களில் நேரே படைவிலக்கப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்கள் அமைத்த குடியிருப்புக்கு ‘ஹிந்த் நகர்’ என்று பெயரிட்டனர்.

அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டோர், ஐ.நா. தரப்பிலிருந்து 22,604 பேர்: 14,704 சீனர், 7,900 வடகொரியர். மறுதரப்பிலிருந்து 359 பேர்: 335 தென்கொரியர், 23 அமெரிக்கர், ஒரு பிரிட்டானியர். ஒவ்வொரு கைதியிடமும் அவரது நாட்டுப் பேராளர்கள் நேரில் விளக்கம் அளிக்க, அதன்பின் அவர் தானாக முடிவு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில், முள்வேலிக்குள் கைதிகளின் தலைவர்களாக இருந்தோர் கும்பலாட்சி நடத்தினர். திரும்ப விரும்பியோர் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். ஒருமுறை இந்திய அதிகாரி ஒருவரைக் கைதிகள் பிடித்துவைத்துக்கொண்டபோது, தோராட் ஆயுதமின்றி வேலிக்குள் சென்று அவரை மீட்டார். அக்டோபர் தொடக்கத்தில் கட்டுமீறிய கைதிகள்மீது இந்திய வீரர்கள் சுட நேர்ந்து, சிலர் இறந்தனர். தொண்ணூறு நாள் விளக்கக் காலத்தில் உண்மையில் விளக்கம் நடந்த நாட்கள் மிகச் சிலவே. போர்நிறுத்தத்துக்குப் பின் கூட வேண்டிய அரசியல் மாநாடு கைதிகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்ற ஷரத்தும் பயனற்றுப் போனது. குறித்த காலத்துக்குள் மாநாடு கூடவே இல்லை. 1954 ஜனவரி 20இல் திம்மையா கைதிகளை முன்பு வைத்திருந்த தரப்புகளிடமே திருப்பி ஒப்படைத்தார். அவர்களைக் குடிமக்களாக விடுவிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று அவர் தெளிவாகவே பதிவு செய்தார்.

ஐ.நா. தரப்பிலிருந்து வந்த 22,604 பேரில் 628 பேர் தாயகம் திரும்பினர். 21,839 பேர் ஐ.நா. தரப்பிடமே திரும்பினர், 38 பேர் இறந்தனர், 13 பேர் தப்பினர். எஞ்சிய 86 பேர், மறுதரப்பிலிருந்த இரு கொரியரோடு சேர்ந்து 88 பேராக, வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்று நடுநிலை நாடொன்றில் வாழ விரும்பினர். அவர்களில் 76 பேர் கொரியர், 12 பேர் சீனர். பேரெண்களைக் கொண்டு வரலாறு எழுதுவோருக்கு 88 என்பது கணக்கில் சேராத எச்சம். பிரிவினையை ஆராய்வோருக்கோ, திணிக்கப்பட்ட இரண்டு தேர்வுகளையும் மறுக்க ஒரு கொரியருக்கு அன்று இருந்த ஒரே வழியின் அளவுகோல் அது. அந்த வழி இந்தியாவின் வழியாகவே சென்றது.

1954 பிப்ரவரியில் இஞ்சியோனிலிருந்து திரும்பிய இந்தியப் படையினருடன் அவர்கள் கப்பலேறி, அதே மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அங்கிருந்து தொடர்வண்டியில் தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் படைமுகாமில் வைக்கப்பட்டனர். அதற்குப் பதினொரு மாதங்களுக்குப் பின், 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு இயற்றிய சோசலிசச் சமுதாயத் தீர்மானம் பாடநூல்களில் இடம்பெற்று, ஆவடியின் பெயரையே நிலைநிறுத்தியது. அந்த ஆண்டுகளின் வெளியுறவுக் கொள்கை சென்னைக் கரையில் கொண்டுவந்து இறக்கிய 88 மனிதரை இந்நகரம் நினைவில் வைக்கவில்லை. இது வருந்தத்தக்கது. ஈராண்டுக் காத்திருப்புக்குப் பின் அவர்களிற் பெரும்பாலோர் பிரேசிலுக்கும், சிலர் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். மிகச் சிலர் தாயகம் திரும்ப, ஒருசிலர் இந்தியாவிலேயே தங்கி வாழ்ந்தனர். கொரிய இலக்கியம் அவர்களை மறக்கவில்லை. சோய் இன்-ஹூன் 1960இல் வெளியிட்ட ‘சதுக்கம்’ என்னும் நாவலின் நாயகன், இரு கொரியாக்களிலும் வாழ்ந்து இரண்டாலும் ஏமாற்றமுற்று, நடுநிலை நாட்டை நோக்கி ‘தாகூர்’ என்னும் இந்தியக் கப்பலில் செல்லும் கைதி. தென்கொரிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் நாவல் அது.

1948இல் இந்தியா தந்த வாக்கையும் 1954இல் அது அளித்த அடைக்கலத்தையும் அருகருகே வைத்தால், முன்னதற்குப் பின்னது பரிகாரம் என்று சொல்லிவிட முடியாது. 1948இல் பிரிவினையைத் தடுக்க இந்தியாவுக்கு வலிமை இருந்திருக்காது. ஆனால் கனடாவும் ஆஸ்திரேலியாவும் செய்ததுபோல் அதற்குத் தன் ஒப்புதலை மறுக்க முடிந்திருக்கும். அந்த ஒப்புதலின் விளைவைக் கண்ட பின்னரே இந்திய வெளியுறவுத்துறை கொரியச் சிக்கலில் இரு தரப்பிடமிருந்தும் விலகி நிற்கக் கற்றது என்று கொள்வதற்கு இடமுண்டு. பின்னாளிலும், 1962இல் இரு கொரியாக்களுடனும் துணைத்தூதரக உறவையும் 1973 டிசம்பரில் இரண்டுடனும் முழுத் தூதரக உறவையும் இந்தியா ஒரேசமயத்தில் ஏற்படுத்தியது.

கோட்டின் இருபுறமும்

போர்நிறுத்தத்துக்குப் பின் நான்கு கிலோமீட்டர் அகலத்தில் தீபகற்பத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் படைவிலக்கப் பகுதிக்கு இருபுறமும், கடிதமோ தொலைபேசியோ இன்றிக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. ஒரே நாட்டுக்குள்ளும் ஒருவரையொருவர் தொலைத்தவர்கள் ஏராளம். 1983 ஜூன் 30இல் தென்கொரியத் தொலைக்காட்சி நிறுவனமான கே.பி.எஸ். தொடங்கிய உறவினர் தேடும் நேரலை, ஒரே இரவு நிகழ்ச்சியாகத் திட்டமிடப்பட்டு, 138 நாட்கள் நீடித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பிக்க, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறவுகளைக் கண்டடைந்தனர். அதன் ஒளிப்பதிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. கோட்டைக் கடந்த சந்திப்புகள் பின்னரே வாய்த்தன. 1972 ஜூலை 4 கூட்டறிக்கை, 1991இல் இரு நாடுகளும் ஒருசேர ஐ.நா. உறுப்பினரானது, 2000 ஜூனில் தென்கொரியக் குடியரசுத் தலைவர் கிம் டே-ஜுங்கும் வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-இல்லும் பியோங்யாங்கில் சந்தித்தது எனப் பல படிகளைக் கடந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் பெரிய சந்திப்புச் சுற்று நடந்தது. உறவினரைக் காணத் தெற்கில் பதிவு செய்துகொண்டோர் 1,30,000-க்கும் மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் காணாமலேயே இறந்துவிட்டனர்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ கார்களை விற்பனைக்கு அனுப்பிய ஹூண்டாய் நிறுவனத்தின் மூலவரே கோட்டால் தன் ஊரைப் பிரிந்த ஒருவர். ஹூண்டாய் குழுமத்தை நிறுவிய சுங் ஜூ-யுங், 1915இல் இன்றைய வடகொரியாவில் உள்ள தோங்சோன் மாவட்டத்தின் அசான் என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தந்தை மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடிவந்தவர். எண்பத்திரண்டாம் வயதில், 1998 ஜூன் 16இல், 500 மாடுகளைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு எல்லையிலுள்ள பான்முன்ஜோம் வழியே அவர் வடக்கே சென்றார்; அக்டோபரில் மேலும் 501 மாடுகளுடன் மீண்டும் சென்றார். எடுத்துச் சென்ற ஒரு மாட்டின் விலைக்கு ஈடாக ஆயிரத்தொரு மாடுகள் என்பது அவர் கணக்கு. சான்ட்ரோ வெளிவந்தது இவ்விரு பயணங்களுக்கும் இடையிலான மாதங்களில். பூந்தமல்லி வட்டாரத்தார் ‘தென்கொரிய நிறுவனம்’ என்று அறிந்த ஒன்றின் வேர் வடகொரியக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. அதன் நிறுவனர் தன் ஊரை மீண்டும் காண ஒரு நாட்டரசின் அளவுக்குப் பேச்சு நடத்த வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சின் விளைவாக 1998 நவம்பரில் ஹூண்டாய், வடகொரியாவின் கும்காங் மலைக்குத் தெற்கத்தியரை அழைத்துச் செல்லும் சுற்றுலாவைத் தொடங்கியது. 2004 முதல் வடகொரியாவின் கேசோங்கில் தென்கொரிய முதலீடும் வடகொரிய உழைப்பும் சேர்ந்த தொழிற்பேட்டையும் இயங்கியது. 2008 ஜூலையில் தென்கொரியச் சுற்றுலாப் பயணி ஒருவர் வடகொரியக் காவலரால் சுடப்பட்டு இறந்ததும் சுற்றுலா நின்றது. 2016 பிப்ரவரியில் வடக்கின் அணுச்சோதனையையும் ஏவுகணைச் சோதனையையும் தொடர்ந்து கேசோங் மூடப்பட்டது. 2018 ஏப்ரலில் இரு கொரியாக்களின் தலைவர்களும் பான்முன்ஜோமில் கைகோத்துக் கோட்டைக் கடந்த காட்சி எழுப்பிய நம்பிக்கை ஓராண்டுகூட நிற்கவில்லை. அந்த ஆகஸ்டில் கும்காங் மலையில் நடந்த உறவினர் சந்திப்பே இதுவரை நடந்த இறுதிச் சுற்று.

2023 இறுதியில் வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-உன், தெற்கத்தியர் இனி உடன்பிறப்புகள் அல்லர், இரு பகை நாடுகளின் உறவே எஞ்சியுள்ளது என்று அறிவித்தார். 1948 முதல் இரு அரசுகளும் ஒன்றையொன்று மறுத்தபோதுகூட, மக்கள் ஒருவரே என்பதை எந்தத் தரப்பும் மறுத்ததில்லை. முக்கால் நூற்றாண்டில் முதன்முறையாக அந்த அடிப்படையே மறுக்கப்பட்டது. 2024 ஜனவரியில் பியோங்யாங்கின் நுழைவாயிலில் இருந்த மறு இணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. தெற்குடனான பேச்சுக்கான அமைப்பும் கும்காங் சுற்றுலா நிர்வாகமும் கலைக்கப்பட்டன. அக்டோபரில் தெற்கை இணைத்த சாலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பிரிந்த குடும்பங்கள் சந்திப்பதற்கென 2008இல் கும்காங் மலையில் கட்டப்பட்ட நிலையத்தை வடகொரியா இடித்துவருவதாகத் தென்கொரிய அரசு 2025 பிப்ரவரியில் உறுதிசெய்தது. உறவினரைக் காணப் பதிவு செய்து இன்னும் உயிரோடிருப்போரிற் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.